ஏனோக்கின் இடுப்பு மணி

தாமோதர பத்தரின் மூடிய கைக்குள் மிளகளவு வெள்ளிக் குண்டு ஒன்று வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

சுரங்க ஷாஃப்டின் வாயில் நூறு பேர் நின்றார்கள். கீழே பாறை சரிந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. அந்த லெவலில் இருந்த ஐந்து பேரில் நாலு பேர் மேலே வந்துவிட்டார்கள்.

ஏனோக்கு வரவில்லை.

சரிவுக்கு அந்தப் பக்கம் உயிர் இருக்க வழியில்லை, நாளைக்குக் கல்லை அள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏனோக்கின் மனைவி தங்கம்மா அவர் முன்னால் போய் நின்றாள். அழவில்லை.

"அவரு இடுப்புல மணி கட்டிக்கினு கீறாருங்க. பத்தடிக்கு ஒருவாட்டி எல்லாரும் கைவேலைய நிறுத்திட்டு, மூச்சக்கூட அடக்கிக்கினு கேளுங்க. கேக்கும்."

மேஸ்திரி அவளையே பார்த்தார். பிறகு நாலு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஆளிறக்கும் கேஜில் ஏறினார்.

கேட்காது என்று பத்தருக்குத் தெரியும். மணிக்குள் உருளவேண்டிய குண்டு அவர் கையில் இருந்தது.

தங்கவயலில் கடை போட்டும் தங்கத்தைத் தொடாமல் பிழைக்கிற அபூர்வப் பிறவி பத்தர். கடையில் மஞ்சளாக எது மினுங்கினாலும் சுரங்கத்துச் சரக்கோ என்று காவல்காரர்கள் வந்து உருக்குகிற மூசையை முகர்ந்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக் கொலுசும் பித்தளைத் தோடுமாகக் காலம் ஓடியது. இந்த ஊரில் பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தங்கம், தங்கம்மாவின் பெயர் ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடைக்கு எதிரே ஜெபக் கொட்டகை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரோன் என்கிற பழங்காலத்து ஆசாரியரின் உடுப்பைப் பற்றி உபதேசியார் வாசித்தது பத்தரின் காதில் விழுந்தது. அங்கியின் கீழோரம் முழுக்க மாதுளம்பழமும் பொன்மணியும் மாறி மாறித் தொங்குமாம். பரிசுத்த இடத்துக்குள் அவர் தனியாகப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சத்தம் கேட்கவேண்டுமாம், அவர் சாகாமலிருக்க.

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

அதுவரை அவர் செய்த நகையெல்லாம் பார்க்கிறவர்களின் கண்ணுக்காகச் செய்தது. எந்தக் காலத்திலோ, எந்தப் பாலைவனத்திலோ, பெசலெயேல் என்று உபதேசியார் சொன்ன ஒருத்தன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகிற மனிதனுக்காகக் காதுக்கு நகை செய்திருக்கிறான். கட்டாயம் நம்ம ஆளாகத்தான் இருப்பான் என்று பத்தர் முடிவு கட்டினார். கொலுசுக்குத் திருகு மாற்ற வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் அவனைத் தன் பெரியப்பா மகனைப்போலப் புகழ்ந்து தீர்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே, கொட்டகையில் அதே வாசிப்பைக் கேட்டிருந்த தங்கம்மா வந்து தன் கொலுசைக் கழற்றி வைத்தாள். ஏனோக்கும் இருட்டுக்குள் போகிற ஆள்தானே, அவர் அரைஞாண் கயிற்றில் கட்ட ஒரு மணி வேண்டும் என்றாள்.

பத்தர் தன் ஆயுளில் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. மேலே சின்னதாக ஒரு மாதுளம்பழம்கூட வைத்தார்.

கேஜில் ஏறினால், நடை பழகுகிற பிள்ளை வருகிறது, வழி விடுங்கள் என்று கூட்டாளிகள் ஏனோக்கைக் கேலி செய்தார்கள். அதை அவன் தாங்கிக்கொண்டான். நாலாம் நாள் சோதனைச் சாவடியில்தான் வினை வந்தது. தங்கச் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறவனின் இடுப்பில், ஒரு கூட்டுக்குள் என்னவோ உருளுகிறது. காவல்காரன் விடுவானா? குண்டில்லாமல் மணி வரலாம். குண்டு வந்தால் ஏனோக்கு வரவேண்டாம் என்றான்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் ஏனோக்கு கடையில் நிற்பான். பத்தர் மணியின் பிளவை இடுக்கியால் நெம்பிக் குண்டை எடுப்பார். ஷிப்டு விட்டதும் திரும்பப் போட்டு நெருக்கிவிடுவார். ஏனோக்கு கலகலவென்று வீட்டுக்குப் போவான். தங்கம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் பேசிவைத்துக்கொண்டார்கள். ஒரு மணியை ஊமையாக்கத் தினமும் பாடுபடுகிற ஒரே கலைஞன் இந்தப் பூமியில் நான்தான் என்று பத்தர் அதற்கும் சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேஜே இறங்கியிருக்காது. சொல்லாததால், கேட்காத மணியைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிவிடுவார்கள்.

கேஜ் மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஏனோக்கின் இடது கால் நசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

மேஸ்திரி தங்கம்மாவிடம் தப்பு செய்தவர்போலப் பேசினார். அவள் சொன்னபடியே நின்று நின்று கேட்டார்களாம். மணி கடைசிவரை கேட்கவே இல்லையாம். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அத்தனை பேரும் மூச்சடக்கி நின்றபோது, முறிந்த மரமுட்டுக்குப் பின்னால் யாரோ முனகினார்களாம். ஈ பறக்கிற சத்தம்தான் இருக்குமாம்.

ஏனோக்கை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பத்தர் தங்கம்மாவிடம் போய் நின்று, மூடிய கையை விரித்துக் காட்டினார்.

அவள் குண்டைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் பத்தரய்யா. மணிய நான்தான தொடச்சி வெக்கிறேன், பொளவுல தெனம் ஒரு புதுக் கீறல். மனுசன் மொனகுவாரு, கேளுங்கன்னு சொன்னா யாரு காது குடுப்பாங்க? மணின்னா குடுப்பாங்க."

சொல்லிவிட்டு, நகரத் தொடங்கிய வண்டியைப் பிடிக்க ஓடினாள்.