சனிக்கிழமைச் சிரிப்பு

கணவர் கிளிஃபர்டை அடக்கம் செய்த வாரத்துச் சனிக்கிழமை. ஹில்டா தொலைக்காட்சியைவிட்டு அசையவில்லை. மல்யுத்தம் முடிந்தது, கால்பந்து முடிவுகளும் வாசித்தாயிற்று. நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியதும் ஒலியைக் கூட்டினாள்.

“துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திக்கிட்டுக் கூத்துப் பாக்குறீங்களே அண்ணி! ஹாலிஃபாக்ஸ் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்,” என்று சீறினாள் நாத்தனார் மேவிஸ்.

“சத்தம் போடாதே. இதை மறுபடி போடமாட்டாங்க.”

“எங்க அண்ணனைவிட இந்தக் கோமாளி பெருசாப் போயிட்டானா?”

அரங்கில் சிரிப்பலை எழுந்தது. அதற்குள்ளிருந்து, கோழி கொக்கரிப்பதுபோல் ஒரு சிரிப்பு தனித்து உயர்ந்தது. மேவிஸ் வெளிறிப்போனாள்.

“அது... அண்ணன்!”

“போன மாசம் இதைப் படம்பிடிச்சப்போ போயிருந்தார். என்னையும் கூப்பிட்டார். மல்யுத்தம் பாக்கணும், வரலைன்னுட்டேன்.”

கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. கிளிஃபர்ட் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில், வேறெவரும் அமர்ந்துவிடாதபடி, தம் தொப்பியை வைத்திருந்தார்.