தீக்குச்சி கிழிக்க இடமில்லை

"முடியாதுன்னா முடியாது. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

பூசாரி உசாமி போட்ட சத்தத்தில், தாயத்து விற்கும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த சியோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெளியே டிசம்பர் மழையில் முராசே நின்றிருந்தார். கையில் சிவப்புத் தோல் பள்ளிப் பை. அவர் மகள் நாகிசாவுடையது. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

"சாமி சன்னிதியில எரிச்சுட்டா மனசு ஆறும்னு வந்தேன். இவ அம்மா தினமும் இதைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ஒரு வாய் சோறு இறங்கலை. கண்ணுல படாம இருந்தாலாவது தேறுவா. தயவு பண்ணுங்க ஐயா."

"மேலே பாருங்க. நானூறு வருஷத்து மரப்பட்டைக் கூரை. அரசாங்கம் பாதுகாக்கிற கோயில். ஒரு பொறி பறந்தா யார் பதில் சொல்றது? இங்கே தீக்குச்சி கிழிக்கக்கூட சட்டத்துல இடமில்லை."

"என் பொண்ணைவிட மரப்பட்டை ஒசத்தியாப் போச்சா உங்களுக்கு?"

உசாமி பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சியோரிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஜனவரியில பழைய தாயத்தையெல்லாம் ஆத்தங்கரையில வச்சுத்தானே எரிக்கிறோம். அதோட இதையும்..."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

முராசே பையைக் கோட்டுக்குள் வைத்து, மழை படாமல் மூடிக்கொண்டார். கல்படியில் இறங்கிப் போனார். கோயில் முகப்பில் நிற்கும் தோரி வாயிலைத் தாண்டினால் திரும்பிக் கும்பிடாமல் போகாத மனுஷன், இன்று திரும்பவே இல்லை.

சியோரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஓர் ஈரமில்லாத ஆளிடமா ஆறு வருஷம் வேலை பார்த்தோம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. அவள் கை நீட்டுவதற்குள் உசாமியே எடுத்தார்.

"ஆமாம்மா, வந்தாரு. திருப்பி அனுப்பிட்டேன்... அழாதீங்க. பை பத்திரமா வீட்டுக்கு வந்துகிட்டிருக்கு. எரிக்கவேண்டாம்னு காலையில நீங்க கேட்டுக்கிட்டதைப் பத்தி நான் மூச்சு விடலை..."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"திட்டினா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நொந்துக்காம இருந்தா சரி."