இடது கை

“என் வீட்டுல ஒரு வாரம் ஓடுச்சு அண்ணி. ஒரு தடவைகூட நிக்கல.” வெய்லுன் மடிக்கணினியை மேசைமேல் வைத்தான்.

“அப்ப என்னைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல போல” என்றாள் ஷூலான்.

வெளியே தைவானின் தைச்சுங் நகரத்து மழை. கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் வெளிவராத பதிப்புகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் குழுவில் வெய்லுனும் அவள் கணவர் ஜுன்ஹாவும் இருந்தார்கள். புத்தாண்டு கழிந்த கையோடு ஜுன்ஹாவ் போய்ச் சேர்ந்துவிட்டார். நோயில் கிடந்த மாதங்களிலும் மாலையெல்லாம் இந்த மடிக்கணினிமுன்தான். அப்போது அவருக்கும் இப்போது அவளுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். ஏனென்று தெரியாது.

வெளிவராத பதிப்பென்றால் பழி அதன்மேல்தான். வெய்லுனும் அதைத்தான் குடைந்து பார்த்திருந்தான். பேசாமல் நிலையான பதிப்பைப் போட்டுவிடலாம் என்றதற்கு அவள் ஒப்பவில்லை.

“எங்கிட்டப் பேசியிருக்க வேண்டிய நேரத்தையெல்லாம் இது தின்னுடுச்சு, தம்பி. எதனாலன்னு மட்டும் சொல்லு. அதைத் திட்டித் தீத்துட்டாவது தூங்குவேன்.”

சொல்லிக்கொண்டே, தேங்காய் நொறுக்குத் தீனி அடைத்த பச்சைப் பொட்டலம் ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பச்சைப் பொட்டலம் பக்கத்தில் இருந்தால்தான் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பழைய பொட்டலம் காலாவதியாகிவிட்டதாம். அந்தக் கோபமோ என்னவோ என்றாள்.

அண்ணன் கடைசியில் எப்படி வேலை செய்தார் என்று விசாரித்தான். இடது கை விளங்காமல் போய்விட்டது, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுவார், வலிக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார் என்றாள். அந்தக் கடைசி மாதம் மட்டும் திரை உறைந்ததாக அவர் குழுவுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது வெய்லுனுக்கு நினைவு வந்தது. எழுதத் தெம்பில்லை என்று குழுவில் நினைத்தார்கள்.

“நீங்க ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்.”

அவள் பழைய படங்களைத் திறந்தாள். இடது மணிக்கட்டை விசைப்பலகை ஓரத்தில் ஊன்றினாள். திரை உறைந்தது.

மணிக்கட்டில் கறுப்பு மணி கோத்த காப்பு ஒன்று கிடந்தது.

“இது?”

“அவரோடது. நோய்னு தெரிஞ்சதும் நான்தான் வாங்கி இடது கையில போட்டேன். காந்தமாம், ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். கடைசிவரைக்கும் கழட்டவே மாட்டேன்னுட்டார்.”

வெய்லுன் மடிக்கணினியின் மூடியைப் பார்த்தான். அதன் ஓரத்திலும் ஒரு பொடிக் காந்தம் உண்டு. அது கீழே விசைப்பலகை ஓரத்தை நெருங்கி வந்தால், மூடிவிட்டார்கள் என்று கணினி தூங்கப் போகும். எந்தக் காந்தம் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தப் பதிப்பு தூங்கவும் தெரியாமல் பாதியில் உறைந்து நிற்கிறது.

“என்ன, கண்டுபிடிச்சிட்டியா?”

மடியிலேயே கிடந்த அந்த இடது கை அவன் கண்முன் வந்தது. அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காப்பைக் கழற்றாமலிருக்கத்தான் அது மடியில் கிடந்தது.

“இல்ல அண்ணி” என்றான். “அண்ணனாலயே கண்டுபிடிக்க முடியல. நான் எம்மாத்திரம்?”