தோளில் ஒரு தட்டு

"அந்த ஆளை மறுபடி வரிசையில விடாதே" என்று மேனேஜர் என் காதைக் கடித்தார்.

விடாமல் எப்படி? அந்த ஆள் கையில்தான் இன்னொரு சீட்டு இருக்கிறதே.

ஜப்பானில், நகோயா நகரத்தில் இருக்கும் எங்கள் இசைத்தட்டுக் கடைக்குக் 'கனேகுமோ' இசைக்குழு கையெழுத்துப் போட வந்திருந்தது. ஒரு ஆல்பம் வாங்கினால் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு கையெழுத்து, நாலு வார்த்தை. ஐந்தாவது வார்த்தைக்கு வாயைத் திறந்தால், தோளைத் தட்டி நகர்த்துவது என் வேலை. 'உரிப்பவன்' என்று எங்களுக்குப் பெயர். சில ரசிகர்களைச் சுவரொட்டி மாதிரி உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

குழுவின் டிரம்ஸ் கலைஞர் தோகாஷி போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவள் சிஹாயா. அவள் வாசித்த முதல் இரண்டு ஆல்பங்கள், 'பனி'யும் 'நெருப்பு'ம், ஒரே நாளில் வெளியாகியிருந்தன.

"இன்னிக்கு ரசிகர்களைப் பாத்துட்டு, இருக்கேனா போறேனான்னு சொல்றேன்" என்று அவள் குழுத்தலைவர் முராயிடம் சொன்னது காலையிலேயே என் காதில் விழுந்திருந்தது. அவளும் போய்விட்டால் குழு அவ்வளவுதான். எனக்கோ கனேகுமோ என்றால் உயிர்.

நல்லவேளை, வந்தவர்கள் எல்லாம் தேனாகப் பொழிந்தார்கள். தோகாஷியே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. கண்ணை மூடிக்கொண்டால் அவர்தான் வாசிக்கிறார் என்று ஒருவர் விசும்பினார். சிஹாயா ஒவ்வொருவருக்கும் தலைகுனிந்து நன்றி சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் நிஷிகோரி முதல் சீட்டோடு வந்தார்.

கனேகுமோவின் ஒரு கச்சேரியையும் விடாத மனிதர். வெளுத்துப்போன பழைய டி-ஷர்ட், கழுத்தில் துண்டு. எல்லாரும் தலையை ஆட்டிக் குதிக்கும்போது, இவர் முன்வரிசையில் விரல் விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருப்பார். தாளம் மாறிக்கொண்டே இருக்கும் இவர்களுடைய புரோகிரசிவ் மெட்டல் இசையைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும், இவருக்கு விரல் வலிக்கும்.

மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு ஆரம்பித்தார்.

"பனி எனக்குப் பிடிக்கலை. மன்னிக்கணும். அஞ்சாவது பாட்டுல ஒரு அடியை விடறீங்க. அந்த மாதிரி இடத்துல தோகாஷி-சான் விடுவார், அவருக்கு வலது மணிக்கட்டு வலி. உங்களுக்கு வலி இல்லையே, நீங்க ஏன் விடறீங்க?"

சிஹாயாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

நான் தோளைத் தட்டவில்லை, பிடித்தே இழுத்தேன். வரிசையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மனிதர் அசரவில்லை. 'நெருப்பு' ஆல்பத்துக்கான சீட்டோடு நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். மேனேஜர் வந்து என் காதைக் கடித்தது அப்போதுதான்.

சீட்டு சீட்டுதான். அவர் முறையும் வந்தது. நான் தயாராக அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

மறுபடி ஒரு வணக்கம்.

"நெருப்புல நாலாவது பாட்டு. நடுவுல, கித்தார் நின்னதும் நீங்க தனியா வாசிக்கறீங்க இல்லையா? தோகாஷி-சான் இருந்திருந்தா அதை அப்படி வாசிச்சிருக்கவே மாட்டார். ஏன்னா..."

போதுமடா சாமி என்று இழுத்தேன். மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், சிஹாயா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முராய் என்ன செய்வதென்று தெரியாமல் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அத்தனை பேர் ஊற்றிய பாலில் ஒரே ஆள் விஷத்தைக் கலந்துவிட்டுப் போய்விட்டானே. அவள் எதிரில் போய் ஆழமாகக் குனிந்தேன்.

"தப்பு என்னோடதுதான். அந்த ஆளை முன்னாடியே இழுத்திருக்கணும்."

சிஹாயா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நேரம் வந்தவங்க எல்லாரும் தோகாஷி-சான்கிட்ட பேசிட்டுப் போனாங்க. என்கிட்ட பேசினது அவர் ஒருத்தர்தான். அவரைப் போய் பாதியில இழுத்துட்டீங்களே. ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க. அந்த 'ஏன்னா'வுக்கு அப்புறம் என்னன்னு கேக்காம, அடுத்த ஆல்பத்தை நான் எப்படி வாசிக்கறது?"