மிஸ் நெட்டி தராத நிலம்

"முடியாதுன்னா முடியாதுதான், கண்ணு," என்றாள் மிஸ் நெட்டி, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே.

ஷெல்பிக்குச் சுருக்கென்றது. ஃபுளோரிடாவின் அந்தச் சின்ன ஊரில் அவள் குடியிருப்போர் சங்கச் செயலாளராகி மூன்று வாரம்தான் ஆகிறது. எடுத்த முதல் காரியத்திலேயே முட்டுக்கட்டை.

தெருக்கோடியில் ஒரு பழைய மோட்டல். சின்னப் பிள்ளைகளிடம் தப்பாக நடந்து, சிறைக்குப் போய்த் திரும்பிய பதினோரு பேர் அங்கே குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம், பூங்கா எதற்கும் ஆயிரம் அடிக்குள் அவர்கள் வசிக்கக் கூடாது என்பது சட்டம். ஊரிலேயே அந்தத் தடைக்குள் வராத ஒரே இடம் இந்த மோட்டல்தான்.

மோட்டலுக்கு நேர் எதிரே மிஸ் நெட்டியின் வீடு. ஒட்டினாற்போல் அவளுடைய துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பூங்காவாக்கிவிட்டால் பதினோரு பேரும் காலி செய்தாக வேண்டும்.

"ரெண்டு ஊஞ்சல், ஒரு பெஞ்சு. அது போதும் மிஸ் நெட்டி."

"அந்த மோட்டலுக்கு எதிர்ல எந்தப் பிள்ளை வந்து ஆடப் போகுது?"

"யாரும் ஆட வேண்டாம். ஊஞ்சல் தொங்கினாலே அவனுங்க கிளம்பணும்."

மிஸ் நெட்டி வாய்விட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரிதான் நீ!"

"சிரிக்காதீங்க. ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? தினம் காலையில நின்னு அவனுங்களையே பார்த்துட்டு இருக்கீங்களாம். தனியா இருக்கிற பொம்பளைக்குத் துணை வேணுமாம்."

"ஒருத்தன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா பார்ப்பேன். அது நிஜம்தான்."

"அப்போ துரத்தறதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

"துரத்தினா எங்க போவானுங்க?"

"எங்கயாவது தொலையட்டும்!"

"பக்கத்து ஊர்ல அப்படித்தான் துரத்தினாங்க. பாதிப் பேர் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில கிடக்கிறானுங்க. மீதிப் பேர் எங்கன்னு போலீசுக்கே தெரியலை."

ஷெல்பிக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு ஆறு வயசுப் பொண்ணு இருக்கு. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க!"

மிஸ் நெட்டி குழாயை மூடினாள். முகத்தில் கோபம் இல்லை. மாறாக, மலர்ந்திருந்தது.

"இருக்காளே! ரோசலின்ட். சிகாகோவுல நர்ஸா இருக்கா. அருமையான புருஷன், ரெண்டு வாலுப் பசங்க. நல்லா இருக்கா கண்ணு, ரொம்ப நல்லா இருக்கா."

"அப்புறம் என்ன?"

மிஸ் நெட்டி எதிரே கையைக் காட்டினாள். நாலாவது அறை வாசலில் நரைத்த தலை ஆள் ஒருவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான்.

"ஒன்பது வயசுல அவளை நாசம் பண்ணினவன் அவன்தான். அவன் இங்க வந்து சேர்ந்தான்னு தெரிஞ்ச மாசமே நான் இந்த வீட்டை வாங்கிட்டேன்."

ஷெல்பி திரும்பி அந்த நாலாவது அறை வாசலைப் பார்த்தாள்.

"தினம் என் மக போன் பண்ணுவா. முதல் கேள்வியே, 'அம்மா, அவன் அங்கதானே இருக்கான்?' 'இங்கதான் இருக்கான், இன்னிக்கும் பார்த்தேன்'னு நான் சொன்னாதான், சிகாகோவுல அவ பசங்களைத் தெருவுல விளையாட விடுவா."