சிவப்பு ஏறிய தூண்

அந்த அடுக்குமாடியில் பாரம் இறங்கும் வழியைச் சுவர்களே நிறத்தில் காட்டிவிடும்; பாரம் கூடினால் சிவக்கும். செண்பகவல்லியின் சமையலறைத் தூண் ஒரு வாரமாகச் சிவந்து, வயிறு தள்ளி நின்றது.

“உங்க தூண்தான் வளைஞ்சிருக்கு. நீங்க காலி பண்ணுங்க,” என்றார் சங்கச் செயலாளர் தியோடர்.

“வளைச்சது யாருன்னு பாத்தீங்களா?”

செண்பகவல்லி அந்தச் சிவப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். மொட்டைமாடியில் தியோடர் தனக்கெனக் கட்டிக்கொண்ட நீச்சல்குளத்தின் அடியில் அது போய் முடிந்தது. அவள் வடிகால் வால்வைத் திறந்தாள்.

தண்ணீர் வடிய வடிய, கீழே ஒவ்வொரு வீட்டுச் சுவரும் வெளிறியது. கதவைத் திறந்து பார்த்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மேலேறி வந்து அவளருகே நின்றார்கள்.

“நாளைக்கே மறுபடி நிரப்புவேன்,” என்றார் மூச்சிரைக்க மேலேறி வந்த தியோடர்.

“நிரப்புங்க. நாளைக்கும் வருவோம்.”