முதல் மிதி

“இது ரேஸ் டிராக்குக்கு ஆகாது மேடம். மூணு சுத்து போனா பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். அப்புறம் நீங்க மிதிக்கிறது பிரேக்கையா தலையணையையான்னு உங்களுக்கே தெரியாது.”

பிரேக் கடைக்காரர் அவள் எடுத்து வைத்திருந்த சாதாரண பிரேக் பேடுகளை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கடையிலேயே உசத்தியான சரக்கு. சக்கரத்துக்குள் சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க் தணலாகச் சிவந்தாலும், அதைக் கவ்விய பிடியை விடாத பேட்.

வந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கிராப் வெட்டிய தலை, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. ஒரு பேடை எடுத்து விளிம்பை விரலால் தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

“நல்ல சரக்குதாண்ணே. ஆனா இது சூடேறினாத்தானே பிடிக்கும்? ஆறிக் கிடக்கிறப்ப மிதிச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். எனக்கு முதல் மிதியிலேயே நிக்கணும்.”

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது தெரியாமல் சிவப்புப் பெட்டிதான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிப் போய், சொந்த வீட்டுச் சுவரிலேயே முட்டி நின்ற சூரப்புலிகள் சிலரை அவர் பார்த்திருக்கிறார்.

“முதல் சுத்துல நாலு தடவை அழுத்தி மிதிச்சா சூடாயிட்டுப் போகுது மேடம்!”

“எனக்கு முதல் சுத்துதாண்ணே கடைசிச் சுத்தும்.”

“புரியலையே?”

“நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டா அந்த நிமிஷமே முழு வேகத்துல போகணும். இருங்க, பிரேக்கைச் சூடாக்கிட்டு வரேன்னு சொல்ல முடியுமா?”

“ஓ, மாத்து ஆளா, ரிசர்வ் டிரைவரா! நாளைக்கு நடக்கிற ரேஸுக்கா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்,” என்று சிரித்தாள்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. நாளைக்கு அவருடைய ஒரே மகன் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டுகிறான். ஒரு வாரமாக அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ‘கப்பு நமக்குத்தான்’ என்று கடையில் கால் வைக்கிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாரே தவிர, பையன் முழுசாகத் திரும்பி வந்தால் போதும் என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. இப்போது எதிராளியே எதிரில் வந்து நிற்கிறாள்.

ஆனாலும் வியாபாரத்தில் தப்பான பொருளைத் தலையில் கட்டுவது அவருக்கு வராது. கீழ்த் தட்டிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்தார்.

“அப்போ உங்களுக்கு இதுதான். ஆறிக் கிடந்தாலும் பிடிக்கும். ஒண்ணு ரெண்டு சுத்து சூட்டையும் தாங்கும். அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது.”

அவள் முகம் மலர்ந்தது. “இதைத்தாண்ணே தேடிக்கிட்டிருந்தேன். இன்னிக்கே மாட்டிப் பழக்கிடுறேன். வண்டியை முழுசா நிறுத்தாம, மிதிச்சு மிதிச்சு விட்டாத்தானே டிஸ்க்கோட ஒரே சீராப் படியும்?”

அதற்கு மேல் அவரால் கம்மென்று இருக்க முடியவில்லை. “இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கேன். தனக்கு என்ன வேணும்னு இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சு வந்த ஆள் நீங்கதான். உங்களைப் போய் ஓட்ட விடாம உட்கார வெச்சிருக்காங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும்.”

“உட்கார்ந்தே இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தாண்ணே.”

தன்னடக்கத்துக்கும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த படம் அவள் கண்ணில் பட்டது.

“உங்க பையனா? எந்த நம்பர்?”

“பதினேழு. நீல வண்டி. நாளைக்குத்தான் முதல் ரேஸ்.”

அவள் படத்தின் அருகே போய் நின்று, மனப்பாடம் செய்கிறவள் போல அவன் முகத்தையே பார்த்தாள். ஹெல்மெட் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி, “எந்த வளைவுல அவருக்குக் கொஞ்சம் தடுமாறும்?” என்றாள்.

கடைக்காரரின் முகம் மாறியது. பார்க்கச் சாதுவாக இருந்துகொண்டு எவ்வளவு நைசாகப் போட்டு வாங்குகிறாள்!

“எம் பையன் எந்த வளைவுலயும் தடுமாற மாட்டான்,” என்றார் வெடுக்கென்று. மகன் அவரிடம் மட்டும் சொல்லிப் புலம்புகிற அந்த ஒரு வளைவு நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டார்.

“அப்படியே இருக்கட்டும்ணே.” நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான், பேடை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துகிற கிளிப்புகள் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தார். எதிராளிதான். அதற்காகக் கிளிப் இல்லாமல் ஓட்டட்டும் என்று விட முடியுமா? அள்ளிக்கொண்டு ஓடினார்.

தெருமுனையில் தரையோடு தரையாக ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார். அடேயப்பா, என்ன அழகு! அவள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“மேடம்! கிளிப்பை விட்டுட்டு வந்துட்டீங்க!”

“ஐயையோ, நல்ல வேளைண்ணே!” என்று கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும், அடிபட்டவர்களுக்குக் கழுத்தில் மாட்டுகிற பட்டையும், முதலுதவிப் பையும் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. திறந்த கதவில் பெரிய சிவப்பு எழுத்தில் ‘அவசர மருத்துவ உதவி’ என்று எழுதியிருந்தது.

கிளிப்புகளை அவள் கையில் வைத்தவர், அந்தக் கையை விடவில்லை.

“பாலத்தைத் தாண்டினதும் வர்ற இடது வளைவு, தங்கச்சி,” என்றார். “அங்கதான் அவன் தடுமாறுவான்.”